காயாத வியர்வை

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் இருக்கிறது பெருநகர். உத்திரமேரூர் வட்டம், செய்யாற்றை ஒட்டிய ஊர். தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் ஆற்றில் வந்து கூடும் ஊர் என்றால் பலருக்குத் தெரியும். ஏரியும் நெல்வயலுமாக இருக்கும் இந்தப் பக்கத்தில், பொழுது விடியும் முன்பே சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் பள்ளி மைதானத்திலும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பது இன்று சாதாரணக் காட்சி. பெரும்பாலோர் பொழுதுபோக்குக்கு ஓடுகிறவர்கள் அல்லர். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. ஒரு குடும்பத்தின் பிழைப்பே அந்தச் சில நிமிடங்களில் மாறிவிடலாம்.

ஓடுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. உடம்பு தொப்பலாக நனைந்தால்தான் அன்றைய பயிற்சி பயிற்சி. “வேர்வை கொட்டணும்டா, அப்பதான் உடம்பு இறங்கும்” என்பார்கள். புழுக்கமான நாளிலும் பனியனுக்கு மேல் ஜெர்கின் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. இந்த நம்பிக்கை தவறு, சில வேளைகளில் ஆபத்தும்கூட. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. அது தோலின் மேலேயே ஆவியாகிப் போனால்தான் குளிர்ச்சி. தார்ச்சாலையில் சொட்டிய வியர்வையால் உடம்புக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. நீரும் உப்பும் நட்டமானதுதான் மிச்சம்.

எவ்வளவு வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டத்தில் உடம்பு செலவிடும் ஆற்றல், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி. அறுபது கிலோ எடையுள்ளவர் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் 600 கிலோகலோரி. இதில் முக்கால் பங்குக்கு மேல் தசைகளில் வெப்பமாகவே மாறுகிறது. ஆக, சுமார் 460 கிலோகலோரி வெப்பம் உடம்பைவிட்டு வெளியேறியாக வேண்டும். வெளியேறாவிட்டால்? அறுபது கிலோ உடம்பை ஒரு டிகிரி சூடேற்ற 50 கிலோகலோரி போதும். பத்துக் கிலோமீட்டரின் வெப்பம் முழுவதும் உள்ளேயே தங்கினால் உடம்பு ஒன்பது டிகிரி ஏறிவிடும். 37 இருந்த இடத்தில் 46. அதற்கு வெகுமுன்பே உயிர் போய்விடும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. 1500 மீட்டர் ஓட்டத்தில் உண்டாகும் வெப்பம் 70 கிலோகலோரிதான். துளிகூட வெளியேறாவிட்டாலும் உடம்பு ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறாது. தேர்வின் அந்த ஏழு நிமிடத்தில் வியர்வைக்குப் பெரிய வேலை கிடையாது. அதற்காக மாதக்கணக்கில் செய்யும் பயிற்சியில்தான், ஏரிக்கரையை நாலைந்து முறை சுற்றும் அந்த நீண்ட ஓட்டங்களில்தான், வியர்வை காய்வதும் காயாததும் கேள்வியாகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், ஆவியாகும் நீர் அபாரமான அளவுக்கு வெப்பத்தைக் கொண்டுபோகும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாகக் காய்ந்தால் சுமார் 580 கிலோகலோரி போய்விடும். பத்துக் கிலோமீட்டரின் வெப்பத்தைத் தள்ள 800 மில்லிலிட்டர் போதும், எல்லாம் காய்ந்தால். ஆனால் இந்தப் பக்கத்தில் புழுக்கமான நாளில் அதே தூரம் ஓடுகிறவர் ஒன்றரை லிட்டர் வரை இழக்கலாம். மிச்சம் எங்கே போனது? பனியனில் ஊறியது, ஷூவில் இறங்கியது, புருவத்திலிருந்து சொட்டியது.

வறண்ட காற்றில் மனித உடம்பு எதையெல்லாம் தாங்கும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1774இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் சில நண்பர்களோடு நன்றாகச் சூடேற்றிய ஓர் அறைக்குள் போனார். அறையின் வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றி, கடைசியில் ஏறக்குறைய 127 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் நின்றார். அதே அறையில் வைத்த மாட்டிறைச்சித் துண்டு வெந்துபோனது. பிளாக்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காற்று வறண்டிருந்தது, ஊறிய வியர்வை அந்த நொடியிலேயே காய்ந்தது. தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தையும் மிஞ்சிய காற்றில் உயிரோடு நின்ற மனிதன், 33 டிகிரியில் புழுங்கும் புரட்டாசி மாலையில் ஓடினால் தள்ளாடுகிறான். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரம்.

இங்கே பலரையும் ஏமாற்றுவது வானிலைச் செய்தியில் வரும் ஈரப்பதச் சதவீதம். ‘காலையில் 85, பிற்பகலில் 35’ என்று படித்தால், விடிகாலைக் காற்றில்தான் நீர் மிக அதிகம் என்று தோன்றும். அந்த எண் ஓர் ஒப்பீடு. அந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்குமோ, அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்றுதான் சொல்கிறது. காற்று சூடாகச் சூடாக அது தாங்கும் அளவும் கிடுகிடுவென்று ஏறும். ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் நீராவி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓடுகிறவரின் நனைந்த தோல் 35 டிகிரி அளவில் இருக்கும். அதை ஒட்டிய காற்றுப் படலத்தில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 40 கிராம் ஈரம். சுற்றியுள்ள காற்றில் 40க்குக் கீழே எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அந்த இடைவெளிதான் வியர்வையைத் தோலிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறது.

பெருநகர்ப் பக்கத்தில் அரிதல்லாத ஒரு மே மாத நாளை எடுத்துக்கொள்வோம். விடிகாலை 27 டிகிரி, 85 சதவீதம் என்றால் காற்றில் 22 கிராம். பிற்பகல் இரண்டு மணிக்கு 39 டிகிரி, 35 சதவீதம் என்றால் 17 கிராம். மாலை ஏழு மணிக்கு 32 டிகிரி, 70 சதவீதம் என்றால் ஏறக்குறைய 24 கிராம். மூன்றில் வியர்வை மிகக் கஷ்டப்பட்டுக் காய்வது மாலையில்தான்! காரணம் கடற்காற்று. கடலிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது இந்த ஊர். நண்பகலை ஒட்டிச் சென்னைக் கரையில் ஏறும் கடற்காற்று இவ்வளவு தூரம் நடந்து வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடுகிறது. வரும்போது வெப்பத்தைச் சில டிகிரி இறக்கிவிடும். கூடவே கடலின் ஈரத்தையும் கொண்டுவந்து இறக்கும். சட்டென்று முகத்தில் படும் அந்தக் குளுமையை நம்பி, “வெயில் இறங்கிடுச்சு, ஓடலாம்” என்று கிளம்புகிறவர்கள் பத்து நிமிடத்தில் ஏன் இப்படிப் பிசுபிசுக்கிறது என்று திகைக்கிறார்கள்.

அப்படியானால் பிற்பகல் இரண்டு மணிக்கு ஓடலாமா என்றால், கூடாது. 39 டிகிரிக் காற்று தோலைவிடச் சூடானது, அது உடம்புக்குள் வெப்பத்தைத் தள்ளும். தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே கொதிக்கும் தார். நன்றாகக் காயும் வியர்வையும் இத்தனைக்கும் ஈடுகொடுக்க முடியாது. விடிகாலையில் தோலைவிடக் காற்று எட்டு டிகிரி குளிர்ந்திருக்கிறது, வெயிலும் இல்லை. வியர்வை கொஞ்சம் மந்தமாகக் காய்ந்தாலும் மொத்தக் கணக்கில் விடிகாலையே மேல். இதை ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, விவசாயம் செய்கிறவர்களின் வேலை நேரமே அப்படித்தான். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். வேலை முடித்து மாலையில்தான் ஓட முடியும் என்கிறவர்கள், காலையில் ஓடிய அதே வேகத்தை மாலையில் எதிர்பார்க்கக் கூடாது. கடிகாரத்தோடு சண்டை போடாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வேகம் குறைந்தால் நிமிடத்துக்கு உண்டாகும் வெப்பமும் அதே அளவில் குறையும். புழுக்கத்துக்கு இதைவிட உறுதியான மருந்து இல்லை.

பருவத்துக்குப் பருவமும் இந்த இடைவெளி மாறுகிறது. மார்கழிக் காலையில் 21 டிகிரி என்றால், ஈரப்பதம் 90 சதவீதம் இருந்தாலும் காற்றில் பதினாறு, பதினேழு கிராம்தான். சென்னையில் மாரத்தானை ஜனவரியில் வைப்பது சும்மா இல்லை. ஆடி மாதம் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, சூடானாலும் ஓடுகிறவருக்கு நண்பன். தோலை ஒட்டி நிற்கும் ஈரப் படலத்தை அது ஓயாமல் துடைத்துக்கொண்டே போகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காற்றுக்கு முதுகைக் காட்டி, காற்றின் வேகத்திலேயே ஓடினால், நம்மைச் சுற்றிக் காற்றே இல்லாதது போலாகிவிடும், வியர்வை அப்படியே நிற்கும். ஆடிக் காற்றில் ஓடுகிறவர் முதல் பாதியைக் கிழக்கு நோக்கி, உடம்பு சூடேறும் முன் முடித்துக்கொண்டு, திரும்பும்போது மேற்கே காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வருவது நல்லது. சொர்ணவாரிப் பருவத்தில் தண்ணீர் கட்டிய வயல்களுக்கு நடுவே காற்றில்லாத காலையில் ஓடினால் புழுக்கம் கூடுதலாகத் தெரியும். பயிரும் வயலும் விடும் நீராவி அங்கேயே தேங்கி நிற்கிறது.

மோசமானது புரட்டாசி. பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று சொல்லப்படும் மாதம். கத்திரி வெயிலுக்கு எல்லோரும் தயாராக இருக்கிறோம், அரசும் எச்சரிக்கிறது. புரட்டாசிக்கு யாரும் எச்சரிப்பதில்லை. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சியைக் காணப் பல லட்சம் பேர் கூடினார்கள். அன்று ஐந்து பேர் உயிரிழந்தார்கள், ஏராளமானோர் மயங்கி விழுந்தார்கள். அவர்கள் ஓடவில்லை, நெரிசலில் நின்று வானத்தைப் பார்த்தவர்கள். நெருக்கியடித்த கூட்டத்தில், ஈரக் காற்றில், தண்ணீரும் நிழலும் இல்லாமல் மணிக்கணக்கில் நின்றதே போதுமாக இருந்தது.

ஈரத்தை ஒரே எண்ணில் அடக்கும் வழி ஒன்றை அறிவியல் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, அதன் மேல் காற்றை ஓடவிட்டால், நீர் ஆவியாகி வெப்பநிலை கீழிறங்கும். எந்த அளவோடு நின்றுவிடுகிறதோ அதுவே ஈரக்குமிழ் வெப்பநிலை. நனைந்த தோல் அந்தக் காற்றில் எவ்வளவு குளிரலாம் என்பதற்கு அதுவே எல்லை. 35 டிகிரி ஈரக்குமிழில் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கூட நெடுநேரம் பிழைக்க முடியாது என்று 2010இல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹூபர் இருவரும் எழுதினார்கள். 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்தபோது, ஈரமான காற்றில் லேசான வேலை செய்தாலே 30, 31 டிகிரி ஈரக்குமிழில் உடம்பு கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கியது தெரிந்தது. நாம் மேலே பார்த்த அந்த மே மாத மாலையின் ஈரக்குமிழ் 27 டிகிரி. எல்லையிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை நாம்.

இந்த அறிவின் பெரும்பகுதி விளையாட்டு வீரர்களிடமிருந்து வந்ததல்ல. தப்பித்துப்போக வழியில்லாத உழைப்பாளிகளின் உடம்பிலிருந்து வந்தது. கோலார் தங்கவயலை இங்கே நினைக்காமல் முடியாது. வட ஆற்காடு முதலான பகுதிகளிலிருந்து போன தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கி வேலை செய்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுட்டது. தூசு அடங்குவதற்காகத் தெளிக்கும் தண்ணீர் காற்றையும் ஈரமாக்கியது. ஆழச் சுரங்கத்தின் வெப்பம் தொழிலாளர்களின் வேலைத்திறனை எப்படிப் பாதிக்கிறது என்று காப்ளன், லிண்ட்சே என்ற இருவர் அங்கே நடத்திய ஆய்வு 1946இல் வெளிவந்தது. ஈரக்குமிழ் வெப்பம் ஏற ஏற வேலை சரிந்தது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. வெப்பம் பற்றிய நூல்களில் இன்றும் அந்த ஆய்வு மேற்கோளாக வருகிறது. அந்த ஆட்களின் பெயர் எதுவும் அந்த நூல்களில் இல்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

1950களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாமான பாரிஸ் தீவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கோடையில் மயங்கி விழுந்துகொண்டே இருந்தார்கள். அதைத் தடுக்க யாக்லூ, மினார்டு இருவரும் ஓர் அளவைக் கொண்டுவந்தார்கள். அதில் ஈரக்குமிழுக்கு 70 சதவீத எடை, வெயிலைக் காட்டும் கறுப்பு உருண்டையின் வெப்பத்துக்கு 20, நாம் செய்தியில் கேட்கும் சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 10. அந்த அளவு 32 டிகிரியை எட்டினால் கறுப்புக் கொடி ஏறும், பயிற்சி நிற்கும். ராணுவமே நிறுத்துகிறது. நம் ஊர்ப் பயிற்சி மைதானங்களில் கொடியும் இல்லை, அளக்கும் கருவியும் இல்லை.

உடம்பின் பக்கம் வருவோம். வியர்வையைத் திறந்துவிடும் மூளைப் பகுதிக்கு உடம்பின் சூடு தெரியும். வியர்வை காய்ந்ததா, சொட்டியதா என்பது தெரியாது. காயாததால் சூடு இறங்கவில்லை, இறங்காததால் இன்னும் திறந்துவிடு என்று கட்டளை. இப்படித்தான் புழுக்கத்தில் வியர்வை வெள்ளமாகிறது. ஓடி முடித்து நின்றவுடன் இன்னும் மோசமாகக் கொட்டுவதை எல்லோரும் கவனித்திருப்பார்கள். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் தனக்கென்று ஒரு காற்றை உண்டாக்கிக்கொண்டே போகிறார். நின்றதும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது, உள்ளிருக்கும் சூடு நிற்பதில்லை. அதனால் ஓட்டம் முடிந்ததும் மரத்தடியில் உட்காராமல், காற்று வரும் பக்கம் பார்த்துப் பத்து நிமிடம் நடக்க வேண்டும்.

தோல் நெடுநேரம் நனைந்தே இருந்தால் மேல்தோல் ஊறி உப்பி, வியர்வைக் குழாய்களின் வாய் அடைபடும். சுரப்பும் குறையத் தொடங்கும். இந்த அடைப்பே வேர்க்குருவின் தொடக்கம். அதற்கு நுங்கு நீரைத் தடவும் பழக்கம் நம்மிடம் உண்டு, இதமாகவே இருக்கும். ஆனால் வேர்க்குருவுக்கு வேண்டியது தோல் காய்வதுதான். கெட்டியாகப் பவுடர் அப்புவது அடைப்பைக் கூட்டும். வேர்க்குரு பரவிய தோலில் வியர்வை சரியாகச் சுரக்காது, அந்த நாட்களில் நீண்ட ஓட்டம் வேண்டாம்.

வியர்வையைத் துடைக்கலாமா? மெல்லிய படலமாக மினுங்கும் வியர்வையைத் துடைத்தால், குளிர்ச்சி தரவிருந்த நீரைத் தூக்கி எறிகிறோம். வழிந்து சொட்டும் வியர்வை எப்படியும் வீண்தான், தாராளமாகத் துடைக்கலாம். கண்ணில் இறங்கி எரிவதைத் தடுக்க நெற்றியில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் போதும்.

உடை விஷயத்தில் பருத்தியே நல்லது என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்க அது சரி. ஓட்டத்தில் பருத்திப் பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் துணியின் வெளிப்புறத்திலிருந்து காய்வதால், குளிர்ச்சியில் ஒரு பங்கு தோலுக்கு வந்து சேராது. கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய பாலியெஸ்டர் ஜெர்சி நீரை அதிகம் பிடித்துவைக்காது, தொளதொளவென்று இருந்தால் காற்றும் உள்ளே புகும். ஆண்பிள்ளைகள் வெறும் உடம்போடு ஓடிவிடலாம். பெண்பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. சுடிதாருக்கு மேல் துப்பட்டா, அதற்கு மேல் ஓவர்கோட் என்று ஊர்க் கண்ணுக்காகச் சுமக்கும் ஒவ்வோர் அடுக்கும் வியர்வை காயும் பரப்பை மூடுகிறது. அவர்கள் கொஞ்சம் மெதுவாக ஓடினால் அதைச் சோம்பல் என்று பயிற்சி தருகிறவர்கள் நினைக்கக் கூடாது. தொடை உரசிப் புண்ணாவதற்கும், அக்குளும் மார்பும் எரிவதற்கும் ஓடும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது எளிய வழி. ஈரமான தோல் வறண்ட தோலைவிட வேகமாக உரசிக் கிழியும்.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது எவ்வளவு உதவும்? 28 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டர், தோலின் 35 டிகிரிக்குச் சூடாவதற்குள் எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஏழு கிலோகலோரிதான். அதே லிட்டர் காய்ந்தால் 580. வறண்ட வெயிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அது காய்ந்து வேலை செய்யும். ஏற்கெனவே தொப்பலாக நனைந்த தோலில், புழுக்கத்தில், கிடைப்பது அந்த ஏழு மட்டுமே. சுகமாக இருக்கும், அதை நம்பி வேகத்தைக் கூட்டிவிடக் கூடாது.

குடிக்கும் தண்ணீரைப் பற்றி இரண்டு எதிரெதிர் தவறுகள் நடக்கின்றன. குடித்தால் வயிறு கனக்கும் என்று குடிக்காமலே ஓடுவது ஒன்று. கழிப்பறை இல்லாத மைதானத்துக்கு வரும் பெண்பிள்ளைகள் முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும் இதில் சேரும். தமிழக உப்பளத் தொழிலாளர்களிடையே ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் செய்த ஆய்வுகள், பாதுகாப்பான எல்லையைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் காட்டின. கழிப்பறை வசதி இல்லாததால் பெண்கள் தண்ணீரைத் தவிர்ப்பதும் அதில் ஒரு காரணியாகப் பேசப்படுகிறது. மைதானத்தில் கழிப்பறை கட்டுவதும் வெப்பப் பாதுகாப்பு நடவடிக்கைதான்.

மற்ற தவறு, வெறும் தண்ணீரைத் தாகமே இல்லாமல் மடமடவென்று குடிப்பது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம் அது அதிகம். ஒரு லிட்டர் வியர்வையில் ஒன்று முதல் நான்கு கிராம் வரை உப்பு போகிறது, ஆளுக்கு ஆள் மாறும். கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தால் உப்பு அதிகம் இழக்கும் உடம்பு என்று கொள்ளலாம். அரைமணி நேர ஓட்டத்துக்குத் தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உப்புப் போட்ட நீர்மோர் நல்ல பானம், நீராகாரமும் அப்படியே. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். இருந்தால் அதுவே சரியான அளவில் கலந்தது. ஓடும் முன்னும் பின்னும் எடை பார்க்க முடிந்தால், அறுபது கிலோ ஆளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறையக் கூடாது, எடை ஏறவும் கூடாது.

வெப்பத்துக்கு உடம்பு பழகும். ஜப்பானின் நகோயாவில் யாஸ் குனோ என்ற உடலியலாளர், வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்தின் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே நிலைத்துவிடுகிறது, வெப்ப நாட்டில் வளரும் குழந்தைக்கு அது அதிகம் என்று கண்டார். இந்தக் கொடை நமக்கு உண்டு. ஆனால் ஓடும்போது வரும் வெப்பத்துக்குத் தனியாகப் பழக வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் சூட்டில் மெதுவாக உழைத்தால், பத்துப் பதினான்கு நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்கூட்டியே தொடங்கும், அதில் உப்பு குறையும், அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு இறங்கும். சில வாரம் விட்டால் போய்விடும். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஊருக்கு வரும் பையன், காய்ச்சலில் படுத்து எழுந்தவன், இந்தப் பழக்கத்தை இழந்தவர்கள். பழைய வேகத்தை நினைத்துக்கொண்டு முதல் நாளே ஓடினால் அவர்கள்தான் விழுவார்கள்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஜார்கண்ட் பார்த்தது. 2024 ஆகஸ்டு 22இல் அங்கே கலால் காவலர் பணிக்கு உடல்தகுதித் தேர்வு தொடங்கியது. ஆண்கள் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். மழைக்காலம், புழுக்கம். இரண்டு வாரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். எல்லா மரணத்துக்கும் வெப்பம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் போட்ட கணக்கு அந்த ஓட்டத்துக்கு அப்படியே பொருந்தும். ஒரு மணி நேரத்தில் 460 கிலோகலோரி வெப்பம், வியர்வையைக் காயவிடாத காற்று, வேலையை விட்டுவிடக் கூடாது என்ற பதைப்பு. அரசு தேர்வை நிறுத்திவைத்தது, காலை 9 மணிக்கு மேல் ஓட்டம் கிடையாது என்றது, பிறகு ஓட்டத்தை 1.6 கிலோமீட்டராகக் குறைத்தது.

ஹீட் ஸ்ட்ரோக் என்றால் வியர்வை நின்று தோல் காய்ந்துபோகும் என்று பலர் படித்திருப்பார்கள். வயதானவர்களுக்கு வீட்டுக்குள் வரும் வகையில் அது பெரும்பாலும் உண்மை. ஓடுகிறவருக்கு வருவதில் உடம்பு நனைந்தே இருக்கும். ‘வேர்த்துக்கிட்டுதான் இருக்கான், ஒண்ணுமில்ல’ என்று விட்டுவிடுவது இதனால்தான் நடக்கிறது. பார்க்க வேண்டியது நினைவை. தள்ளாடுகிறானா, சம்பந்தமில்லாமல் பேசுகிறானா, காரணமில்லாமல் கோபப்படுகிறானா, நண்பனின் பெயர் மறந்துபோகிறதா? ஓடிக்கொண்டிருந்தவரிடம் இதில் ஒன்று தெரிந்தாலும் அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு நிமிடமும் மூளையையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

108க்குப் போன் செய்துகொண்டே குளிரவைக்கத் தொடங்க வேண்டும். வண்டிக்காகக் காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுகளில் ஹீட் ஸ்ட்ரோக் வந்த 274 பேரையும் அங்கேயே பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். ஒருவரும் இறக்கவில்லை. பெருநகர்ப் பக்கம் பனிக்கட்டித் தொட்டிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். பம்புசெட் இருக்கிறது. ஒரு லிட்டர் ஊற்றினால் ஏழு கிலோகலோரி என்று பார்த்தோம். 41.5 டிகிரியில் இருக்கும் அறுபது கிலோ உடம்பை 39க்கு இறக்க 125 கிலோகலோரி போதும். பம்புசெட் தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு மேல் நிற்கும், குழாயில் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஷூவையும் சட்டையையும் கழற்றிவிட்டு, கழுத்து வரை தண்ணீரில் உட்காரவைத்து, ஒருவர் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தலையை மேலே பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி இல்லையென்றால் தரையில் படுக்கவைத்துக் குடம் குடமாக இடைவிடாமல் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். தெளிவாகப் பேசத் தொடங்கினாலோ நடுக்கம் வந்தாலோ வெளியே எடுக்கலாம். தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாமல், அன்றே மருத்துவமனையில் சேர்த்து, கல்லீரல், சிறுநீரகம், தசைச் சிதைவு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளைச் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். பாதிப்பு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் முழுதாகத் தெரியும். மருத்துவர் சொல்லும் வரை, குறைந்தது சில வாரங்களுக்கு, அவர் வெயிலில் ஓடக் கூடாது. அந்த ஆண்டுத் தேர்வு தவறிப்போனாலும் சரி.